படத்துக்கு ஞானத்தாய்

காசிமிரா அக்கா எத்தனை பேருக்கு ஞானத்தாய் என்று கேட்டால் அவளுக்கே தெரியாது. மலைமேல் இருக்கும் எங்கள் ஒரூரோ ஊரில் ஞானஸ்நானத்துக்கு மட்டும் ஞானத்தாய் வைப்பதில்லை. கேக்குக்கு ஒருத்தி, மோதிரத்துக்கு ஒருத்தி, பேண்டு வாத்தியத்துக்கு ஒருவர், பீருக்கு ஒருவர் என்று விசேஷத்தைத் துண்டு துண்டாகப் பிரித்து ஆளுக்கொன்றாகத் தலையில் கட்டிவிடுவோம். ரொட்டிக்கூடையும் ஒரு பாட்டிலும் எடுத்துக்கொண்டு வீடு தேடி வந்து கேட்டால் மறுக்கக் கூடாது. மறுக்கத் தெரியாதவர்கள் என்று எல்லாத் தெருவிலும் சிலர் உண்டு. கூடைகள் அவர்கள் வாசலுக்குத்தான் போகும். கால்பந்துக் குழுவின் சட்டைகளுக்கு அக்காதான் ஞானத்தாய். ஒரு லாரிக்கும் ஞானத்தாய். அனஸ்தாசியோ அண்ணனின் அந்த லாரி தெருவைக் கடக்கும்போது ஹாரன் அடிக்கும். "பாத்துப் போடா மகனே" என்று அவள் லாரியைப் பார்த்துச் சொல்வாள். ஓட்டுகிற அண்ணனைக் கண்டுகொள்ள மாட்டாள்.

ரயில் நிலைய முக்கில் அவளுக்குக் கடை. ஊதாச் சோளத்தைப் பட்டை கிராம்போடு காய்ச்சிய கெட்டிக் கஞ்சி, பாலாடைக்கட்டி வைத்துப் பொரித்த உப்பலான பணியாரம், இரண்டே பண்டம். குளிர்காலக் காலைகளில் அந்தப் பானையின் ஆவிக்குள் நின்றுதான் பாதி ஊர் விழித்துக்கொள்ளும். அவள் குடியிருந்த அதே முற்றத்தில் ஓர் அறையை நான் வாடகைக்கு எடுத்திருந்தேன். நான் வேலை பார்த்த இன்டர்நெட் கடை அவள் கடைக்கு எதிரே. என் நாள் அவள் கஞ்சியில் தொடங்கும்.

அவள் வீட்டுச் சுவரில் படங்கள் அதிகம். எல்லாம் அடுத்தவர் கல்யாணம், அடுத்தவர் பிள்ளை. சொந்தக் கல்யாணப் படம் மட்டும் கிடையாது. ஒருமுறை கேட்டேன்.

"எடுத்தாங்க தம்பி. நல்ல பெரிய கேமரா. கறுப்புத் துணி எல்லாம் போட்டு மூடி எடுத்தான். எங்க வீட்டுக்காரர் இரவல் கோட்டுல ராஜா மாதிரி நின்னாரு. முன்பணம் வாங்கிட்டுப் போன மனுசன் கொச்சபாம்பா ஊருக்குப் போயிட்டான். அதோட சரி."

"திரும்பி வரவே இல்லையா?"

"அவனும் வரல, கோட்டும் திரும்பக் குடுத்தாச்சு, இவரும் போயிட்டாரு. கேமரா என்னவோ நல்ல கேமராதான்."

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். ஆனால் சொல்லும்போது சுவரில் படம் இல்லாத ஓர் இடத்தைத் துணியால் துடைத்தாள்.

முற்றத்தின் கடைசி அறையில் டெல்பினா இருந்தாள், மகள் சுலேமாவோடு. கணவன் ரூபினோ எல்லைக்கு அப்பால் சாவோ பாவ்லோவில் ஒரு தையல் கூடத்தில் இருந்தான். டெல்பினாவின் வயிற்றில் சுலேமா இருக்கும்போதே பஸ் ஏறியவன். காகிதங்கள் சரியில்லாததால் வந்தால் திரும்பப் போக முடியாது, திரும்பிப் போகாவிட்டால் கடன் தீராது. ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் கடைக் கணினியில் பேசுவான். அந்தச் சின்னச் சதுரத்தில் அவன் மகள் ஒரு கலங்கல்தான். விட்டு விட்டு அசையும், உறையும், அப்படியே மறைந்துபோகும்.

சுலேமாவுக்கு முதல் முடி எடுக்கும் வயது வந்துவிட்டது. பிறந்ததிலிருந்து கத்தரி படாத முடி. விசேஷத்தன்று அதைச் சிறு சிறு பின்னல்களாகப் பின்னி, ஒவ்வொன்றிலும் ஒரு நாடா கட்டுவார்கள். ஒவ்வொரு ஞானத்தாய்க்கும் ஞானத்தகப்பனுக்கும் ஒரு பின்னல். அவரவர் பின்னலை அவரவர்தான் வெட்ட வேண்டும். ரூபினோ வந்துவிடுவான் என்று தேதியைத் தள்ளிக்கூடப் பார்த்தார்கள். அதற்குமேல் தள்ளினால் பிள்ளைக்குப் பேச்சு திக்கும் என்று டெல்பினாவின் மாமியார் ஆள் மேல் ஆள் அனுப்பிவிட்டாள்.

அந்த ஞாயிறு ரூபினோ கணினியில் சொன்னது எனக்கும் காதில் விழுந்தது. பக்கத்து மேசையில் உட்கார்ந்திருப்பவனுக்குக் காதை மூடிக்கொள்ள வழியில்லை.

"வெட்டிருங்க டெல்பி, நான் வேணாம்னு சொல்லல. வெட்டுறதுக்கு முன்னாடி அந்த முடியோட அவள ஒரு படம். அசையாத படம். காகிதத்துல எடுத்து மெஷின் விளக்குக்குக் கீழ ஒட்டி வெச்சுக்கிறேன். நான் வர்றப்ப இந்த முடி இருக்காதுல்ல."

மறுநாள் டெல்பினா ரொட்டிக்கூடையோடு காசிமிரா அக்காவின் கதவைத் தட்டினாள்.

"அக்கா, படத்துக்கு ஞானத்தாயா இருக்கணும்."

கேக்கு, பீர், பேண்டு, நாடா எல்லாவற்றுக்கும் ஆள் கிடைத்துவிட்டது. படம்தான் மிச்சம். அக்கா கூடையை வாங்கி உள்ளே வைத்தாள். வாங்கிவிட்டால் பேச்சு முடிந்தது.

"படக்காரன் ஒருத்தனப் பேசி விட்டீங்கன்னா போதும்" என்றாள் டெல்பினா.

"படக்காரன் சகவாசம் எனக்கு ஏற்கெனவே ஒருக்கா போதும்டி. நானே எடுக்கிறேன்."

"உங்களுக்கு எடுக்கத் தெரியுமா?"

"கஞ்சி காய்ச்சவும் ஒருநாள் தெரியாமத்தான் இருந்துச்சு."

ஞாயிற்றுச் சந்தைக்கு என்னையும் இழுத்துக்கொண்டு போனாள். இகிகே துறைமுகத்தில் இறங்குவதெல்லாம் மலை ஏறி முதலில் வந்து சேருவது எங்கள் ஊர்ச் சந்தைக்குத்தான். டயரும் டி.வி.யும் விற்கிற வரிசையில் கேமராக்கள் இருந்தன.

முதலில் ஒரு கடையில் பழைய கேமரா ஒன்றைக் காட்டினான். பேர்பெற்ற கம்பெனி, கண்ணாடி அப்பழுக்கில்லாமல் இருந்தது. எடுத்த படத்தை அவன் காட்டியபோது நான் வாய்விட்டு "நல்லா இருக்குக்கா" என்றேன். ஆனால் அதற்கென்று தனி பேட்டரி, தனி சார்ஜர். சார்ஜர் இல்லை, வேறெங்காவது தேடிக்கொள்ள வேண்டும். அக்கா அதைக் கையில் வாங்கும்போது கடைக்காரன் தன் இரண்டு கைகளையும் கீழே ஏந்திக்கொண்டே நின்றான்.

"என்ன தம்பி இது, மாதா சுரூபத்தத் தூக்குற மாதிரி ஏந்துறான்? தொடவே பயமா இருக்கு. இத வெச்சுக்கிட்டு நான் பிள்ளையப் பாப்பேனா, கேமராவப் பாப்பேனா?"

அடுத்த கடையில் புத்தம்புது கேமரா. வெள்ளி நிறம், சோப்புப் பெட்டி அளவு, எடை என்று ஒன்றும் இல்லை. சாதாரண பேட்டரி இரண்டு போட்டால் ஓடும். விலை, பழையதில் பாதிகூட வராது. பெட்டியில் ஒரு பெயர் இருந்தது. கேமராவின் நெற்றியில் வேறொரு பெயர். போட்டால் திரையில் மூன்றாவதாக ஒரு பெயர் மின்னி மறைந்தது.

"வாங்க காசெரா, நம்ம வாடிக்கையாச்சே. பன்னெண்டு மெகாபிக்சல்! ஈ பறந்தா அதோட மீசை தெரியும்" என்றான் கடைக்காரன்.

"ஈ வேணாம், என் கடையில நெறைய இருக்கு. பிள்ளையோட முடி தெரியுமா?"

"இழை இழையா எண்ணலாம்."

நான் அவள் காதருகே போய்ச் சொன்னேன். "பொய்க்கா. பன்னெண்டுங்கறது பெட்டிக்கு மேல மட்டும்தான். சின்னப் படத்த உள்ளயே இழுத்துப் பெருசாக்கிக் காட்டும். லென்ஸ் பிளாஸ்டிக். வீட்டுக்குள்ள எடுத்தா மண் அள்ளிப் போட்ட மாதிரி வரும். மூணு பேரு வெச்சிருக்கிறவனுக்குப் பொண்ணு குடுப்பீங்களா?"

"எங்க வீட்டுக்காரருக்கும் மூணு பேருதான். கோயில்ல ஒண்ணு, ரயில்வே கார்டுல ஒண்ணு, சாராயக்கடையில ஒண்ணு. நல்லாத்தான் குடும்பம் நடத்துனாரு."

"காசுக்கேத்த பணியாரம்னு சொல்லுவாங்கக்கா."

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "பணியாரம் சுடுறவகிட்டயே பழமொழியா? காசு கம்மின்னா சின்னதாச் சுடுவேன் தம்பி. கெட்டதாச் சுட மாட்டேன்."

வாங்கிவிட்டாள். கழுத்தில் மாட்டிக்கொள்ளக் கடைக்காரன் ஒரு சிவப்புக் கயிறு இனாமாகக் கொடுத்தான். அதில் அவளுக்கு ஏக சந்தோஷம்.

அந்த வாரம் முழுக்க முற்றத்தில் கேமராதான் பேச்சு. அதன் குணங்கள் ஒவ்வொன்றாகத் தெரியவந்தன. பித்தானை அமுக்கினால் உடனே எடுக்காது. ஒரு மூச்சு யோசிக்கும், பிறகுதான் சிமிட்டும். அந்த ஒரு மூச்சுக்குள் சுலேமா போய்விடுவாள். ஒவ்வொரு நாளும் எடுத்த படங்களை அக்கா என் கடைக்கு எடுத்து வருவாள். கணினியில் திறந்தால் வெறும் கதவு, பிடி இன்னும் ஆடிக்கொண்டிருக்கும் வாளி, யாரோ ஓடிய திசையைத் திரும்பிப் பார்க்கும் நாய் என்று வரும். எல்லாமே சுலேமா அப்போதுதான் விட்டுப்போன இடங்களின் படங்கள். சிலவற்றில் அக்காவின் கட்டைவிரல் நிலா மாதிரி மூலையில் உதித்திருக்கும். அபூர்வமாகப் பிள்ளை அகப்பட்டால் தலையில் கம்பளிக் குல்லா. அந்தக் குளிரில் அதைக் கழற்ற டெல்பினா விடவில்லை. விசேஷத்துக்கு முன்னால் முடியைப் பிரிக்கவும் கூடாது.

குளிருக்குப் பேட்டரிகள் சீக்கிரம் செத்துப்போயின. அக்கா அவற்றைக் கழற்றி ரவிக்கைக்குள் செருகிக்கொள்வாள். கொஞ்ச நேரம் சூடேறியதும் திரும்பப் போட்டால் இன்னும் சில படம் வரும். கஞ்சி ஊற்றும்போது நடுவில் நெஞ்சைத் தடவிப் பார்த்துக்கொள்வாள்.

"என்னக்கா, அடைகாக்குறீங்களா?" என்று கூலியாட்கள் கேலி செய்வார்கள்.

"ஆமா. பொரிச்சதும் உங்களுக்கு ஒரு குஞ்சு தாரேன்."

ஒன்று மட்டும் நல்ல விஷயமாகத் தெரிந்தது. அந்தக் கேமராவை யார் வேண்டுமானாலும் தொட்டார்கள். சுலேமாவே வாங்கி அக்காவை எடுத்தாள். பாவாடை மட்டும் விழுந்தது. கூலியாட்கள் ஒருவரை ஒருவர் எடுத்துக்கொண்டார்கள். கீழே விழுந்தது, துடைத்தார்கள், ஓடியது. விலை உயர்ந்ததாக இருந்திருந்தால் அலமாரியில் துணி சுற்றி வைத்திருப்பாள். அந்த வாரம் தெருவில் அத்தனை சிரிப்பு இருந்திருக்காது. ஆனால் ராத்திரி படுக்கப் போகுமுன் என்னிடம் கேட்பாள்: "வெளிச்சத்துல நிக்க வெச்சு, ஆடாம இருன்னு சொல்லி, முன்னாடியே அமுக்கிட்டா வந்துரும்ல தம்பி? அந்த ஒரு படம் வந்துரும்ல?"

"வந்துரும்க்கா." வெயிலில் அந்தக் கேமரா பரவாயில்லை என்பது எனக்குத் தெரிந்திருந்தது. பொய் சொல்லவில்லை.

விசேஷ நாளன்று முற்றத்தில் நீலத் தார்ப்பாய் கட்டினார்கள். லாமாக் கறி வற்றல் வறுவலும் அவித்த உருளைக்கிழங்கும் மூலையில் குவிந்திருந்தன. டெல்பினா மதியம்வரை உட்கார்ந்து மகளின் முடியைப் பிரித்துச் சிக்கெடுத்துப் பின்னினாள். அன்றுதான் நாங்கள் அந்த முடியை முழுதாகப் பார்த்தோம். இடுப்பைத் தொட்டது. வேரில் கரிய நிறம், கீழே வர வர வெளிறி, நுனியில் சோளக் கதிரின் பட்டு மாதிரி. அந்த நுனிதான் அவள் பிறக்கும்போது கொண்டுவந்தது. ரூபினோ பஸ் ஏறியபோது அது தாயின் வயிற்றுக்குள் இருந்திருக்கும்.

தலை நிறையப் பின்னல்கள், பின்னல் நிறைய நாடாக்கள். முன்நெற்றிப் பக்கம் மஞ்சள் நாடா கட்டியது காசிமிரா அக்காவுடையது.

கிழக்குச் சுவரோரம் நல்ல வெயில் இருந்தது. அக்கா நாற்காலி போட்டுச் சுலேமாவை உட்கார வைத்தாள். ரவிக்கைக்குள்ளிருந்து பேட்டரிகளை எடுத்துப் போட்டாள். அப்போதுதான் லாரி ஹாரன் கேட்டது. முதல் ஞானத்தகப்பன் அனஸ்தாசியோ அண்ணன் ஒரு பெட்டி பீரோடு உள்ளே வந்தார். பெரிய உடம்பு, பெரிய குரல்.

"கேமரா வாங்கினியாமே? தெளிச்சாச்சா?"

புதிதாக எதை வாங்கினாலும் பூமித்தாய்க்கு ஒரு வாய் ஊற்றிவிட்டு, வாங்கிய பொருளின் மேலும் பீரோ சாராயமோ தெளிப்போம். வீடோ, வண்டியோ, அடுப்போ, தெளிக்காத பொருள் வஞ்சம் தீர்க்கும். அக்கா தெளிப்பை இந்த நாளுக்கென்று நிறுத்தி வைத்திருந்தாள். பழகுவது வேறு, விசேஷம் வேறு என்பது அவள் கணக்கு. தரையில் கொஞ்சம் ஊற்றினாள். விரலை நனைத்துக் கேமராவின் நாலு மூலையிலும் ஒரு பொட்டு வைத்தாள்.

"இதென்ன, கருமி சூப்புக்கு உப்புப் போட்ட மாதிரி?" என்றார் அண்ணன். "என் லாரிக்கு நீ இப்படியா தெளிச்ச? ரெண்டு பாட்டில் உடைச்சல்ல, அதனாலதான் இன்னைக்கு வரைக்கும் மலையில உருளாம ஓடுது! அந்தப் பிள்ளையோட அப்பன் பாக்கப் போற படம், நல்லா மனசாரத் தெளிக்க வேணாமா?"

"அண்ணே, அது லாரி, இது கேமரா…" என்று நான் எழுந்தேன். என் குரல் எப்போதும் கூட்டத்தில் முதல் வரிசையைத் தாண்டாது. அதற்குள் அவர் பாட்டிலைக் கட்டைவிரலால் அடைத்துக் குலுக்கி விரலை எடுத்துவிட்டார். நுரை சிவப்புக் கயிற்றிலிருந்து அக்காவின் தொப்பி வரை அடித்தது. எல்லோரும் கைதட்டினார்கள். அக்காவும் கைதட்டினாள், அதுதான் வழக்கம். அண்ணன் அன்பில்லாமல் செய்யவில்லை.

நாற்காலிக்கு முன் போய் நின்று கேமராவைப் போட்டாள். லென்ஸ் பாதி வெளியே வந்தது. உறுமியது. திரும்ப உள்ளே போனது. திரை கறுத்துவிட்டது.

மறுபடி போட்டாள். மறுபடி உறுமல். நான் வாங்கிப் பேட்டரியை மாற்றினேன், பஞ்சால் ஒற்றினேன், வாயால் ஊதினேன். மூன்றாம் முறை உறுமல்கூட இல்லை.

படம் எடுக்கும் செல்போன் அந்த வருஷம் எங்கள் தெருவுக்கு வந்திருக்கவில்லை. டெல்பினாவின் தம்பி ஊர் நடுச் சதுக்கத்துக்கு ஓடினான். அங்கே வழக்கமாக நிற்கும் படக்காரர் எங்கோ கல்யாணத்துக்குப் போய்விட்டாராம். வெயில் தரையை விட்டு, நாற்காலியின் காலை விட்டு, சுவரில் மேலேறிப் போய்க்கொண்டிருந்தது. அண்ணன் பொழுது சாய்வதற்குள் எல்லைக்குக் கிளம்ப வேண்டும், சரக்கு ஏற்றியாகிவிட்டது. முதல் கத்தரி அவர் கையால்தான். பேண்டுக்காரர்கள் இரண்டாம் முறை வாத்தியத்தைத் துடைத்தார்கள்.

"இன்னும் கொஞ்சம் பொறுங்க" என்றாள் அக்கா.

"எவ்வளவு நேரம் கொமாத்ரே?" என்றார் அண்ணன். ஞான உறவு கொண்டவர்கள் கொமாத்ரே, கொம்பாத்ரே என்றுதான் கூப்பிட்டுக்கொள்வார்கள். "அது செத்துப்போச்சு. மலிவா வாங்கினா மலிவாத்தான் சாகும்."

அக்கா டெல்பினாவைப் பார்த்தாள். டெல்பினா கூட்டத்தைப் பார்த்தாள், மகளைப் பார்த்தாள். "வெட்டட்டும்க்கா. என்ன செய்யிறது" என்றாள். குரல் நன்றாகத்தான் இருந்தது. கையிலிருந்த சீப்பை மட்டும் உடைத்துவிடுவதுபோல் வளைத்துக்கொண்டிருந்தாள்.

பேண்டு முழங்கியது. அண்ணன் முதல் பின்னலை வெட்டித் தட்டில் வைத்தார். பக்கத்தில் பணத்தையும் வைத்து ஒரு கிளாஸ் குடித்தார். பிறகு கேக்கின் ஞானத்தாய், பீரின் ஞானத்தகப்பன், நாடாக்காரி. ஒவ்வொரு பின்னல் விழும்போதும் சுலேமா தட்டை எட்டிப் பார்த்து, அது இன்னும் தன்னுடையதுதானா என்று யோசிப்பதுபோல் இருந்தாள். அக்கா கேமராவைச் சால்வைக்குள் சுற்றி மார்போடு அணைத்து நின்றாள். ஒரு பின்னலையும் பார்க்கத் தவறவில்லை.

"படத்துக்கு ஞானத்தாய்! உங்க பின்னல்!"

அக்கா போனாள். கத்தரியை வாங்கினாள். நெற்றியோரம் தொங்கிய அந்தக் கடைசிப் பின்னலை உள்ளங்கையில் ஏந்தி, நுனிவரை மெல்ல உருவிப் பார்த்தாள். வெளிறிய அந்த நுனியைக் கட்டைவிரலால் தடவிக்கொண்டே கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு கத்தரியைத் தட்டில் வைத்துவிட்டாள்.

"என்ன, கத்தரி மழுங்கிருச்சா?" என்றார் அண்ணன்.

"இல்ல. நான் இன்னைக்கு வெட்டல."

பேண்டு ஒவ்வொரு வாத்தியமாக நின்றது.

"வெட்டலைன்னா? அரைத் தலையோட பிள்ளைய விடுவியா? ஆகாதுன்னு தெரியாதா உனக்கு?"

"என் பின்னல நான்தானே வெட்டணும் கொம்பாத்ரே? வேற யாரும் கை வைக்கக் கூடாதுல்ல?"

"அதான் முறை."

"அப்ப என் பங்கு இருக்கட்டும். நான் படத்துக்கு ஞானத்தாய். படம் குடுக்கல. என் வேலை முடியல. வேலை முடியாம நான் எப்படி வெட்டுவேன்?"

"சட்டம் பேசுறா பாரு, கஞ்சி விக்கிறவ!"

"உங்க லாரிக்கும் நான்தான் ஞானத்தாய். அதையும் நிறுத்தச் சொல்லவா?"

யாரோ சிரித்துவிட்டார்கள். அண்ணனுக்கும் மீசை துடித்தது. ஆனால் பெரியவர்கள் முகத்தில் சிரிப்பில்லை. பின்வரிசையில் "கெட்ட சகுனம்" என்று ஒரு குரல் கேட்டது. "கஞ்சத்தனத்துக்கு ஒரு கேமரா, அதுக்கு ஒரு வியாக்கியானம்" என்றது இன்னொன்று. அதுவும் அக்காவின் காதில் விழுந்தது. முகம் சிவந்தது. டெல்பினாதான் எழுந்து வந்தாள். மகளின் குட்டை முடித் தலையில் குல்லாவை மாட்டினாள். மஞ்சள் நாடா கட்டிய பின்னலை மட்டும் வெளியே எடுத்துத் தோளில் விட்டாள்.

"சாப்பிட உக்காருங்க எல்லாரும்" என்றாள்.

அடுத்து வந்த நாட்களில் கேமரா கஞ்சிப் பானைக்குப் பக்கத்தில், அடுப்பின் இளஞ்சூட்டில் கிடந்தது. அக்கா ஆட்கள் குறையும்போதெல்லாம் தீக்குச்சியில் பஞ்சு சுற்றிச் சாராயத்தில் தோய்த்து லென்ஸின் இடுக்கில் விட்டு விட்டுத் துடைத்தாள். பீரின் பிசுக்கு பழுப்பாக வந்தது. நல்ல கேமராவாக இருந்தால் பிரிக்கத் தெரிந்தவனைத் தேடி லா பாஸ் நகரத்துக்குப் போக வேண்டியிருக்கும். இதை அவள் முதுகில் இரண்டு தட்டுத் தட்டினாள். ஒரு காலை அது கதவு திறப்பதுபோல் முனகி, முழுதாக மூக்கை நீட்டியது. கடையில் நின்றவர்கள் கைதட்டினார்கள்.

"டெல்பினா! பிள்ளையக் கூட்டிட்டு வா! குல்லா இல்லாம!"

வெயில் அப்போதுதான் தண்டவாளத்தைத் தாண்டி வந்திருந்தது. எங்கள் ஊர்க் காலை வெயில் உப்பைப்போல் வெள்ளையாக இருக்கும். ஒட்ட வெட்டிய தலையும் ஒற்றைப் பின்னலுமாகச் சுலேமா முக்காலியில் உட்கார்ந்தாள். அக்கா அமுக்கினாள், பிள்ளை தும்மியது. அமுக்கினாள், முக்காலி மட்டும். "ஆடாத கண்ணு, அப்பா பாக்கப் போறாரு" என்றாள். பிள்ளை "எங்க?" என்று திரும்பியது. அதற்கு முன்பே அமுக்கியிருந்த கேமரா, யோசித்து முடித்து, அப்போது சிமிட்டியது.

கணினியில் பெரிதாக்கிப் பார்த்தேன். இழை இழையாக எண்ண முடியாது. நாடாவின் ஓரத்தில் ஊதாவாக ஒரு கோடு கசிந்திருந்தது. பிளாஸ்டிக் லென்ஸின் கைவண்ணம். ஆனால் கண்கள் நேராகப் பார்த்தன. பின்னல் திரும்பிய வேகத்தில் தோளை விட்டுக் கொஞ்சம் எழுந்திருந்தது. வெளிறிய நுனியில் வெயில் பட்டிருந்தது.

"கலங்கலா இருக்கோ?" என்றாள் அக்கா.

"இல்லக்கா. அசையல."

ஞாயிற்றுக்கிழமை ரூபினோ கணினியில் வந்தபோது படத்தை அனுப்பினேன். அந்தப் பக்கம் அது மேலிருந்து கீழாக மெல்லத் திறந்திருக்க வேண்டும். எல்லோருக்கும் கேட்கும்படி ஸ்பீக்கரில் போடச் சொல்லியிருந்தாள் டெல்பினா. பின்னால் எங்கோ தையல் மெஷின் ஓடும் சத்தம்கூடக் கேட்டது.

"இவளுக்கு… வெட்டியாச்சா?"

"ஆச்சு தம்பி" என்றாள் காசிமிரா அக்கா. இரண்டு கையாலும் மேசையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். "உனக்குப் படம் தரணும்னு கூடை வாங்கினேன். முழு முடியோட எடுக்க முடியல. கேமராவுல பீரு போயிருச்சு. தப்பு என்னோடது. நான் விட்டிருக்கக் கூடாது."

"அந்த ஒண்ணு ஏன் அப்படியே இருக்கு?"

"அது என் பங்கு. நான் வெட்டல."

"ஏன்க்கா?"

"நீ வந்து வெட்டு."

பிறகு அவன் குரல் ரொம்பக் கிட்டத்தில் வந்ததுபோல் கேட்டது.

"எப்ப வருவேன்னு எனக்கே தெரியாதேக்கா."

"முடிக்கு என்ன தம்பி, அது பாட்டுக்கு வளரும். தரையில இழுபடுறதுக்குள்ள வந்துரு."

அவன் சிரித்தானா, வேறென்னவா என்று தெரியவில்லை. "அவகிட்டக் குடுங்க" என்றான். டெல்பினா மகளைத் தூக்கி மேசைமேல் உட்கார வைத்து மைக்கை அவள் முன் நீட்டினாள். சுலேமா அதை முறைத்துப் பார்த்தாள். குரல் போகும் இடம் அதுதான் என்று புரிந்துகொண்டாள்.

"அந்தப் பின்னல் யாருக்கு வெச்சிருக்க?" என்றான் ரூபினோ.

சுலேமா பின்னலின் நுனியைப் பிடித்து மைக்குக்குள் திணிப்பதுபோல் அழுத்தித் தேய்த்தாள்.

"இந்தா" என்றாள்.

"டெல்பி, என்னவோ கரகரன்னு கேக்குதே. லைன் போயிருச்சா? என்ன சத்தம் அது?"

டெல்பினா மகளின் கையை விலக்கவில்லை.

"உங்க பொண்ணோட முடி" என்றாள்.